உட்கார முடியாத நாட்கள்

ஜூன் 3, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் டைரி தருகிறார்கள். முப்பது வருடத்தில் ஒன்றில்கூட நான் ஒரு வரி எழுதியதில்லை. கடையில் வேலை பார்க்கும் இசக்கியம்மாள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள், அவள் மகள் அதில் கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருட டைரியை நான் வைத்துக்கொண்டேன். இதை வேறு யாரிடம் சொல்ல?

காலையில் குளிக்கும்போது கை பட்டது. ஆசனவாய்க்குப் பக்கத்தில், இடப்புறம், பட்டாணி அளவுக்கு ஒரு வீக்கம். அமுக்கினால் வலிக்கிறது.

மூலம்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தென்காசி ரத வீதியில் முப்பது வருடமாக ஸ்டூலில் உட்கார்ந்து மருந்து விற்கிறவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? இந்தச் சங்கதிக்கு வருகிறவர்களை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கடைக்கு நேராக வரமாட்டார்கள். எதிரே நின்று போஸ்டர் படிப்பார்கள். கூட்டம் கலைந்ததும் வந்து முதலில் இருமல் மிட்டாய் கேட்பார்கள். பிறகு குரல் இறங்கும். "அண்ணாச்சி, அந்த ட்யூப்பு..." எந்த ட்யூப் என்று நான் கேட்கவே மாட்டேன். எடுத்து, பழைய பேப்பரில் சுருட்டி, நூல் கட்டிக் கொடுத்துவிடுவேன். வாய் திறக்குமுன் எடுத்துக் கொடுக்கிற ஆள் என்று எனக்குப் பெயர். மருந்துச் சீட்டு எங்கே என்று கேட்டு ஒருவரையும் நான் சங்கடப்படுத்தியதில்லை.

இசக்கியம்மாளை டீ வாங்க அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு ட்யூப் எடுத்தேன். அதையும் பேப்பரில் சுருட்டி நூல் கட்டினேன். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன், பிரிக்கப் போவதும் நான்தான். கைப்பழக்கம்.

ஜூன் 4, புதன்

ட்யூப் இரண்டு வேளை. வித்தியாசம் தெரியவில்லை. சாரல் ஆரம்பித்துவிட்டது. மாடியில் காய்ந்த வேட்டியை எடுக்க ஆள் இல்லாமல் நனைந்து கிடந்தது.

ஜூன் 6, வெள்ளி

பட்டாணி இப்போது நெல்லிக்காய். உட்கார்ந்தால் உயிர் போகிறது. நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தேன். குற்றால சீசன், அருவியில் குளித்து மூக்கு ஒழுகுகிற கூட்டம் முழுக்க நம் கடையில்தான்.

இசக்கியம்மாளுக்குக் கண்ணுக்கும் ஓய்வில்லை, வாய்க்கும் ஓய்வில்லை.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா நின்னுக்கிட்டே இருக்கீயளே, ஸ்டூல்ல ஆணி கீணி துருத்திக்கிட்டு இருக்கா?"

"உன் சோலியப் பாரு."

"சோலியப் பாத்துக்கிட்டுத்தான் கேக்கேன். மொகமே சரியில்ல."

"காலுக்கு நல்லதுன்னு நிக்கேன். போய் அந்த சிரப் பாட்டில அடுக்கு."

போனாள். ஸ்டூலை எடுத்துக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள். திமிர் பிடித்தவள்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து போன் வரும் நாள். முதலில் மகள் சங்கரி பேசுவாள், பிறகு பேத்தி ஏதாவது கத்துவாள், கடைசியில் பெண்டாட்டி உலகம்மாள்.

"சாப்ட்டீயளா?"

"சாப்ட்டேன்."

"மழையா அங்க?"

"சாரல்தான்."

"சரி."

அவ்வளவுதான். கல்யாணம் கட்டி இருபத்தொன்பதாவது வருடம் ஓடுகிறவர்களுக்கு இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? உலகம்மாள் சங்கரியின் பிரசவத்துக்காக மூன்று மாதம் என்று போனவள். அந்தப் பிள்ளை இப்போது எல்.கே.ஜி. படிக்கிறது. தெருவில் கேட்கிறவர்களிடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் வேண்டும் என்கிறேன். அது பொய்யில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிலர் பேசுகிறார்களாம். பேசட்டும். நான் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. குடித்ததில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், அது என் தொண்டை.

வீக்கத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சாரல்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

அரசு பஸ் டிரைவர் சொர்ணபாண்டி வந்தார். இருமல் மிட்டாய், பிறகு ட்யூப். எனக்குப் பேச்சு கொடுக்க வேண்டும் போலிருந்தது.

"எப்படிவே இருக்கு இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்ல அண்ணாச்சி. போன மாசந்தான் ஒரு நாள் முக்கிட்டேன் பாருங்க, திடீர்னு திராட்ச மாதிரி நீலமா வீங்கிட்டு. மூணு நாள் உசுரு போயிட்டு. வெந்நியில உக்காந்து உக்காந்து பத்து நாள்ல வத்திட்டு. இப்ப லேசா தோல் மட்டும் தொங்குது. கைக்காவலுக்கு ஒண்ணு வாங்கி வைக்கேன்."

நான் வழக்கமான பிரசங்கத்தைச் செய்தேன். தண்ணீர் நிறையக் குடி, கீரை சாப்பிடு, முக்காதே, கக்கூஸில் உட்கார்ந்து போன் பார்க்காதே.

"ஒங்களுக்கு இதெல்லாம் வந்ததில்லையா அண்ணாச்சி?"

"எனக்கு எதுக்குவே வருது? நா கட்டுப்பாடா இருக்கேன்."

அவர் போனபின் சந்தோஷமாக இருந்தது. அவருக்குப் பத்து நாளில் வற்றியது என்றால் எனக்கு இன்னும் மூன்று நாள் கணக்கு.

ஜூன் 10, செவ்வாய்

நம் உடம்பில் நாம் பார்க்கவே முடியாத இடம் அது ஒன்றுதான். முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்திப் பார்த்தேன். என் நிழலே மறைத்துவிட்டது. டார்ச் அடித்தேன், கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. போனில் படம் எடுத்தேன். சிவப்பாக என்னவோ இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷன் செய்கிற காரியமா இது என்று உடனே அழித்துவிட்டேன். எழுந்திருக்க முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

யாராவது ஒருத்தர் ஒரு நிமிஷம் பார்த்து, இன்ன நிறம், இவ்வளவு பெரிசு என்று சொன்னால் போதும். அதற்கு ஒரு ஆள் இல்லை.

ஜூன் 11, புதன்

காய்ச்சல். உள்ளே விண் விண்ணென்று தெறிக்கிறது. அலமாரியிலிருந்து ஐந்து நாள் ஆன்டிபயாடிக் எடுத்தேன், கூட ஒரு வலி மாத்திரை. ஊருக்கே கொடுக்கிற கை இது, எனக்குக் கொடுக்கத் தெரியாதா?

ஜூன் 12, வியாழன்

காய்ச்சல் இல்லை. வலி பாதி. டாக்டரிடம் போயிருந்தால் இதையேதான் எழுதியிருப்பார். உள்ளூர் டாக்டர் சீட்டு எல்லாம் நம் கடைக்குத்தான் வருகிறது, எனக்குத் தெரியாதா! இன்றைக்கு ஒரு குவளைக் காப்பி கூடுதலாகக் குடித்தேன், சர்க்கரை தூக்கலாக.

ஜூன் 14, சனி

திரும்ப வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். தொட்டால் கொதிக்கிறது. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

அப்பாவுக்கும் மூலம் என்றுதான் சொன்னார்கள். பாவூர்சத்திரத்தில் ஒருவர் ஏதோ பொடி கொடுத்தார், அதையே ஒன்றரை வருடம் தின்றார். ரத்தம் போகும், மூலம் என்பார். மெலிந்தார், அதற்கும் மூலம் என்பார். கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது புற்று என்றார்கள். ஒன்பது வாரம் இருந்தார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இனி அப்பாவைப்போல் யாரும் ஏமாறக் கூடாது என்று சொல்லித்தான் மருந்துக் கடையே வைத்தேன். பிறகு அதே ட்யூபை முப்பது வருடமாக நூல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போ.

ஜூன் 16, திங்கள்

திருநெல்வேலிக்கு வந்தேன். தென்காசியில் யாரிடமும் காட்ட முடியாது, பத்து மணிக்குள் ரத வீதிக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் மூன்று தடவை "உக்காருங்க பெரியவரே" என்றான். நான்காவது தடவை கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன். பாவம்.

டாக்டர் பெயர் ஜெஸிந்தா. சங்கரி வயதுதான் இருக்கும். பொம்பளை டாக்டர் என்று தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன். சீட்டில் தொழில் என்கிற இடத்தில் விவசாயம் என்று எழுதியிருந்தேன்.

"என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

சொன்னேன். மில்லிகிராம், வேளை, எத்தனை நாள், எல்லாம் மடமடவென்று வந்துவிட்டது. அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

"ஐயா, இதெல்லாம் எந்த வயல்ல வெளையுது?"

நர்ஸ் சிரித்தாள். நான் உண்மையைச் சொன்னேன்.

படுக்க வைத்துப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பதிமூன்று நாளாக நான் தவித்தது அந்த அரை நிமிஷத்துக்காகத்தான்.

"இது மூலமே இல்ல. சீழ்க்கட்டி. அந்த இடத்துல வீங்கினா எல்லாரும் மூலம்னு முடிவு பண்ணிடறீங்க. ரத்தம் கட்டி வீங்கறது ஒண்ணு, அது தானா வத்திடும். சும்மா தோல் மடிப்பு இருக்கும், மரு இருக்கும். இப்படிச் சூடா, சிவப்பா, காய்ச்சலோட வந்தா அது சீழு. கீறி வெளிய எடுக்காம எந்த மாத்திரையிலயும் அடங்காது. நீங்க போட்ட ட்யூப்புல ஸ்டீராய்டு இருக்கு, சீழுக்கு அது ஆகாது. தெரியும்தானே?"

தெரியும். அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை எத்தனை தடவை படித்திருப்பேன்.

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை முன்னூற்றுப் பதினெட்டு. எத்தனையோ பேருக்குச் சர்க்கரை பார்க்கிற மெஷின் விற்றிருக்கிறேன், ஒரு நாளும் என் விரலில் குத்திப் பார்த்ததில்லை.

"புத்தா இருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா கதையைச் சொன்னேன்.

"இது அப்படித் தெரியல. ஆனா அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கும் வயசாகுது. இந்தப் புண் ஆறினதும் உள்ள கேமரா விட்டு ஒரு தடவை பாத்துடுவோம். இப்ப அட்மிட் ஆகுங்க, சர்க்கரையைக் குறைச்சிட்டு நாளைக்குக் காலையில கீறிடலாம். கூட யாரு வந்திருக்காங்க?"

"வெளிய இருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரோரமாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு காகிதத்தோடு வந்து கத்தினாள். "ஆவுடையப்பன் அட்டெண்டர்! ஆவுடையப்பன் அட்டெண்டர் யாரும்மா?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்றாவது தடவை நான் கையைத் தூக்கினேன்.

"ஆவுடையப்பன் நாந்தாம்மா."

"ஒங்கள இல்ல தாத்தா, ஒங்க கூட வந்தவங்கள. கையெழுத்துப் போடணும். பொறவு வீட்டுக்குப் போனாலும் ரெண்டு வேளையும் வெந்நியில உக்கார வச்சு கட்டு மாத்தணும், ஒங்க கைக்கு எட்டாது. ஆளக் கூப்புடுங்க."

ஆளை யோசித்தேன். தம்பியோடு பேசிப் பதினோரு வருடமாகிறது. இசக்கியம்மாளைக் கூப்பிடலாம், வந்துவிடுவாள். ஆனால் அவளை எதைப் பார்க்கச் சொல்வது? போனை எடுத்து உலகம்மாள் நம்பரை அழுத்தினேன். ஒரு தடவை மணி அடித்ததும் கட் செய்துவிட்டேன். அந்த நிமிஷமே திரும்பக் கூப்பிட்டாள்.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"சும்மாத்தான்."

"திங்கக்கெழம நீங்க சும்மா கூப்புட மாட்டீய. சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற ஒரு ஆள் நகரும்வரை காத்திருந்தேன். பிறகு, "அந்த எடத்துல ஒரு கட்டி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் "எந்த எடத்துல?" என்று கேட்கவில்லை. "வலிக்கா, அரிக்கா?" என்றாள். "ரத்தம் வருதா? தொட்டா சுடுதா? குளிர் அடிச்சுக் காய்ச்சல் வந்துச்சா?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "நர்ஸ்ட்ட போனக் குடுங்க" என்றாள். இருவரும் என்ன பேசினார்களோ, நர்ஸ் காகிதத்தை எடுத்துக்கொண்டு, காலையில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். உலகம்மாளுக்கு ராத்திரி பஸ்ஸில் மருமகன் டிக்கெட் போட்டுவிட்டதாகச் சங்கரி செய்தி அனுப்பினாள்.

இதைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து எழுதுகிறேன். கையில் ஊசி குத்தியிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கு நான்கு பேர் வந்து இட்லி ஊட்டுகிறார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

கீறியாகிவிட்டது. உலகு காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். நரைத்திருக்கிறாள். போனில் நரை தெரியாது. என்னைப் பார்த்ததும், "இப்படியா மெலியுவீய?" என்றாள். நான் ஏதோ எரிந்து விழுந்தேன். ஏன் இத்தனை நேரம், பஸ் ஆறு மணிக்கே வந்திருக்குமே என்று. அதையா கேட்பேன்? வாய்.

ஜூன் 19, வியாழன்

வீட்டுக்கு வந்தோம். புண்ணைத் தைக்கவில்லை, திறந்தே வைத்து உள்ளிருந்து ஆறவேண்டுமாம். நான்கு வாரம் பிடிக்கும். சிலருக்கு உள்ளே வழி பிடித்துப் பௌத்திரமாக மாறும், அப்படியானால் இன்னொரு ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. சர்க்கரை மாத்திரை ஆயுசுக்கும்.

கட்டு மாற்றும்போது தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன். அவள் முன்னால் அப்படிக் கிடக்க வெட்கமாக இருந்தது. "சீழு கொறஞ்சிருக்கு, நெறம் நல்லா இருக்கு" என்றாள். அதைக் கேட்டதும் உடம்பே லேசானது.

ஜூன் 20, வெள்ளி

இசக்கியம்மாள் கடையைத் திறந்து பார்த்துக்கொள்கிறாள். மத்தியானம் வந்து உலகுவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். இந்த வீட்டில் உலகு சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். இன்னும் அரைச் செம்பு பச்சைத் தண்ணீர் விட்டாள். பேசின் அடியில் வழுக்காமல் சாக்கு போட்டிருந்தாள், விளிம்பில் துண்டை மடித்து வைத்திருந்தாள்.

"நேரா உக்காராதீய. கட்டிலப் புடிச்சுக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு எறங்குங்க. காலு மரத்துப் போவும், பத்து நிமிசத்துக்கு மேல வேண்டாம். துணியப் போட்டுத் தேய்க்கப்பிடாது, ஒத்தி எடுக்கணும். நாளைல இருந்து கக்கூஸ்ல காலுக்குக் கீழ ஒரு முக்காலி வைக்கேன், முக்காமப் போவும்."

உட்கார்ந்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக வலி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். சுகத்தில் எனக்கு வேடிக்கையாகப் பேசத் தோன்றியது.

"முக்காலி சங்கதி டாக்டரம்மாவே சொல்லலையே. நீ எந்தக் காலேஜ்ல படிச்சே?"

"சங்கரி பொறந்ததுல இருந்து படிக்கேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரசவத்துல வந்துச்சு. முக்கி முக்கி வெளிய தள்ளிட்டு. பொறவு வரும், போவும். ரத்தம் போற மாசம் தல சுத்தும்."

"இருபத்தேழு வருசமாவா?"

"ஆமா."

"மருந்து?"

"கீழப்பாலத்துப் பக்கம் ஒரு கடை இருக்கில்லா, அங்க வாங்குவேன். வெயில்ல நடந்து போய்ட்டு வருவேன். அந்த ஆளுக்கு நான் யாருன்னு தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. "ஏட்டி, ஊருக்கே நான் குடுக்கேன். எங்கிட்ட கேட்டா என்ன?"

அவள் சண்டைக்கு வரவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"நீங்க மத்தியானம் சாப்புட வருவீயல்லா? சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொல்லுவீய. இன்னிக்கு பேங்க் மேனேசர் வந்தாரு, எப்படிக் கேட்டாரு தெரியுமான்னு. டீச்சரம்மா எப்படி நெளிஞ்சான்னு நடிச்சுக் காட்டுவீய. சங்கரி விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். சாயங்காலம் யார்ட்டயோ என்னயச் சொல்லிச் சிரிப்பீயளோன்னு இருக்கும்."

"பொண்டாட்டியப் போயி அப்படிச் சொல்லுவனா?"

"சொல்ல மாட்டீயளா இருக்கும். எனக்குத் தைரியம் வரல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒரு தடவ வந்தேன். சங்கரி ஏழாப்புப் படிக்கும்போது. ரொம்பப் போயிட்டு அன்னிக்கு, சேலையெல்லாம். கடையில ஒரு ஆளு இல்ல, நீங்க மட்டும் ஸ்டூல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீய. நான் படியேறினதும், இங்க என்னத்துக்கு வந்தே, வீட்டுல சோலி இல்லையான்னீய. தலவலி மாத்திர வேணும்ன்னேன். எடுத்துக் குடுத்தீய. வந்துட்டேன்."

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. "வர்ற செவ்வாய்க்கெழம என்னக் கூட்டிட்டுப் போறப்ப, டாக்டரம்மாட்ட நீயும் காட்டு" என்றேன். "ரத்தம் போறதெல்லாம் மூலம்னு நாமளே முடிவு பண்ணப்பிடாது."

"பாப்போம். எந்திரிங்க, பத்து நிமிசம் ஆயிட்டு."

கையைப் பிடித்துத் தூக்கி, ஒத்தி, கட்டுப் போட்டு, குப்புறப் படுக்க வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பத்து நாளில் பெங்களூர் போகவேண்டுமாம், சங்கரிக்கு ஆபீஸ்.

அந்த நாளை யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எந்த மாதம், வெயிலா மழையா, என்ன சேலை கட்டியிருந்தாள், முகம் எப்படி இருந்தது. ஒன்றும் வரவில்லை. சொர்ணபாண்டி எந்த மாதம் எத்தனை ட்யூப் வாங்கினார் என்பது எனக்குத் தெரிகிறது. என் பெண்டாட்டி என் கடைப்படி ஏறி வந்தது ஞாபகமே இல்லை.

தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"என்னங்க, புண்ணு வலிக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

ஆமாம் என்றேன்.